“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வது?

அடிதடி, சிறு திருட்டு போன்ற வழக்குகளில் நடுவர் (மாஜிஸ்திரேட்) குற்றச்சாட்டைப் படித்துக்காட்டிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பார். “ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்” என்று வராந்தாவிலேயே யாராவது ஓதியிருப்பார்கள். அபராதமும் தண்டனைதான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

படி 1: பதிலுக்கு முன் வக்கீல்

கூண்டில் நின்று இப்படிச் சொன்னால் போதும்: “ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, வைக்க வசதியும் இல்லை. சட்ட உதவி வக்கீலிடம் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்.” இது சலுகை கேட்பது அல்ல. கைதானவர் தான் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22(1) பிரிவில் இருக்கிறது. வசதியற்றவருக்கு விசாரணையில் அரசு செலவில் வக்கீல் அமர்த்த வேண்டும் என்கிறது குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341ஆம் பிரிவு.

படி 2: இலவச வக்கீல்

இலவச வக்கீலை ஏற்பாடு செய்து தரும் தாலுகா சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

படி 3: நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்

போலீஸ் வழக்கில் குற்றப்பத்திரிகை நகலை இலவசமாகத் தர வேண்டும். அதை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். அதிகம் சறுக்குவது இங்கேதான். “அடித்தேன், ஆனால் அவன்தான் முதலில் அரிவாளை ஓங்கினான்” என்பது குற்ற ஒப்புதல் அல்ல, தற்காப்பு வாதம். நகையை எடுத்தவர், அது தன்னுடையது என்று உண்மையாகவே நம்பியிருந்தால் திருட்டுக்கு வேண்டிய நேர்மையற்ற நோக்கமே இல்லை. செய்ததை ஒப்புக்கொள்வது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. “ஆமாம்” என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டும் கலந்துவிடும். உங்கள் பதிலைக் கூடியவரை உங்கள் சொற்களிலேயே நடுவர் பதிய வேண்டும். ஆகவே அந்த “ஆனால்” என்பதை விழுங்காதீர்கள்.

படி 4: பின்விளைவைக் கேளுங்கள்

ஒப்புக்கொண்டதன் பேரில் நடுவர் தண்டித்தால், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத்தையும் மட்டுமே கேட்கலாம் (அதே சன்ஹிதாவின் பிரிவு 416). இதைத் தெரிந்துகொண்டும் ஒப்புக்கொள்வதே நல்லது என்று உங்களுக்கும் வக்கீலுக்கும் பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். சில வழக்குகளில் அதுவே புத்திசாலித்தனம்.

படி 5: வக்கீல் இல்லாமலேயே தண்டித்துவிட்டார்களா?

அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவரை வக்கீல் இல்லாமலேயே விசாரித்துத் தண்டித்தார்கள். அவர் வக்கீல் கேட்கவும் இல்லை. இலவச வக்கீல் கிடைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று காட்டி, 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உங்கள் நிலையும் அதுவானால், தீர்ப்பு நகலோடு உடனே சட்டப் பணிகள் குழுவுக்குச் செல்லுங்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள்தான்.