குண்டு வெடித்த முதல் இரவில் செய்தி மேசை செய்யும் தவறுகள்

எங்கள் மேசைக்குப் புதிதாக வந்த உதவி ஆசிரியர் அண்மையில் ஒரு பெட்டிச் செய்தியை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டு நகரம் ஒன்றில் குண்டு வெடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ‘ஏன் இந்த நகரம்?’ என்பது தலைப்பு. கீழே ஐந்து காரணங்கள். நடை நன்றாகவே இருந்தது. வயிற்றைக் கலக்கியதும் அதுதான். 2011-இல் நான் எழுதியதும் இதே பெட்டிதான்.

பெயரில் எழுத்துப் பிழை, மணிக்கொரு முறை மாறும் பலி எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை மறுநாள் சரியாகிவிடும்.

ஆள் தெரியும் முன் காரணத்தை எழுதுவது

2011 ஜூலை 22. நார்வே தலைநகர் ஆஸ்லோவில் அரசு அலுவலக வளாகத்தில் வாகனக் குண்டு வெடித்தது. முதன்மைச் செய்தியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். பின்னணி என் பொறுப்பு. சிரமமே இருக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் நார்வே படை இருந்தது. லிபியா மீதான வான்தாக்குதலில் அதன் விமானங்கள் பங்கேற்றிருந்தன. நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களை 2006-இல் ஒரு நார்வேப் பத்திரிகை மறுபதிப்பு செய்திருந்தது. மூன்றையும் கோத்தேன், இருபது நிமிடத்தில் பெட்டி தயார். ஏதோ ஒரு ஜிகாதி அமைப்பு பொறுப்பேற்றதாக ஒரு வரியும் வந்து சேர, நான் எழுதியதற்கு முத்திரை கிடைத்ததுபோல் இருந்தது.

விடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. செய்தவன் நார்வேக்காரன்; முஸ்லிம் குடியேற்றத்தை வெறுத்த தீவிர வலதுசாரி. குண்டில் 8 பேரும், அதன்பின் உத்தோயா தீவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 69 பேரும் இறந்தார்கள். தீவில் இருந்தது ஆளும் தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாம்.

என் பெட்டியில் ஒரு தகவல்கூடப் பொய் இல்லை. இன்றுவரை என்னை அரிப்பது அதுதான். படை உண்மை, விமானம் உண்மை, கேலிச்சித்திரம் உண்மை. குண்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று நான் எங்கும் எழுதவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், வாசகர் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆகவே திருத்தம் வெளியிட எதுவுமில்லை என்று சொல்லிவிட்டார் அன்றைய பொறுப்பாசிரியர். மறுநாள் தலைப்பு மாறியது. பெட்டியை யாரும் மறுக்கவே இல்லை.

புதியவர்களுக்கு இப்போது ஒரு பயிற்சி தருகிறேன். அதே ஆஸ்லோ, அதே இரவு, ஆள் தெரியாது. வலதுசாரி ஒருவன் செய்தான் என்று வைத்துக்கொண்டு பெட்டி எழுதச் சொல்வேன். இலக்கு அரசு அலுவலகம், ஆளும் கட்சி இடதுசாரி, குடியேற்றம் குறித்த கொதிப்பு, 1995-இல் அமெரிக்காவின் ஆக்லஹோமாவில் வலதுசாரி ஒருவன் வைத்த குண்டு என்று அதையும் இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்படியானால் அன்று நான் ஏன் ஒன்றை மட்டும் எழுதினேன்? கை தானாக அந்தப் பக்கம் போயிற்று என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பாணியைப் பார்த்து ஆளைச் சொல்வது

நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் வெடித்தது வாகனக் குண்டு. 1995 ஏப்ரல் 19 அன்று ஆக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்றதும் வாகனக் குண்டு. எனவே மத்தியக் கிழக்கு என்று தொலைக்காட்சி நிபுணர்கள் கை காட்டினார்கள். வைத்தவன் டிமோதி மெக்வே, முன்னாள் அமெரிக்கப் படைவீரன். குண்டின் வகையைப் பார்த்தவர்கள் நாள்காட்டியைப் பார்த்திருக்கலாம்: டெக்சாஸின் வேக்கோவில் ஒரு மதக்குழுவின்மீது மத்திய அரசுப் படைகள் நடத்திய முற்றுகை தீயில் முடிந்து அன்றோடு சரியாக இரண்டு ஆண்டுகள். மெக்வே பழிவாங்கியது அதற்குத்தான்.

பொறுப்பேற்பை நிரூபணமாக எடுத்துக்கொள்வது

அமெரிக்காவில் நடந்த 2017 லாஸ் வேகஸ் துப்பாக்கிச்சூட்டை ஐஎஸ் என்ற ஜிகாதி அமைப்பு தன்னுடையது என்றது. விசாரணையில் ஒரு தொடர்பும் அகப்படவில்லை.

பொறுப்பேற்பு இல்லையென்றால் அரசியல் இல்லை என்பது

முந்தையதைக் கற்றுக்கொண்டவர்கள் நேராக இதில் போய் விழுகிறார்கள். ஜெர்மனியில் 2000 முதல் 2006 வரை குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர். யாரும் பொறுப்பேற்கவில்லை. காவல்துறை போதைப்பொருள், மாஃபியா என்று தேடியது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையே குடைந்தது. பத்திரிகைகள் ‘கபாப் கொலைகள்’ என்று பெயர் சூட்டின. (ஒரு மேசையில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டிருப்பார். அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா மேசைகளிலும் இருக்கிறார்.) 2006-இல் குடும்பங்கள் ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று காசெல் நகரில் ஊர்வலம் போயின. யாரும் காது கொடுக்கவில்லை. பத்தாவதாக 2007-இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். நவ-நாஜிக் கும்பல் ஒன்றின் வேலை என்று நாடு அறிந்தது 2011 நவம்பரில்.

அரசு சொன்னதாக எழுதினால் தப்பித்தோம் என்பது

2004 மார்ச் 11, மாட்ரிட் ரயில் குண்டுகள். பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாதான் செய்தது என்றது ஸ்பெயின் அரசு. ஐ.நா. பாதுகாப்பு அவையும் அன்றே அந்தப் பெயரை எழுதி 1530-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. செய்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள். தேர்தலுக்கு மூன்றே நாள்கள் இருந்தன. ஈராக் போரில் சேர்ந்த அரசுக்கு எந்தப் பெயர் வசதி என்பதைப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

சட்டப் பிரிவைக் கொண்டு சொல்லைத் தேர்வது

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 2015-இல் ஒன்பது கறுப்பினத்தவரைக் கொன்ற வெள்ளை இனவெறியன்மீது பயங்கரவாதக் குற்றச்சாட்டு இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு வரையறை உண்டு, தனிக் குற்றப் பிரிவு கிடையாது. செயல் பயங்கரவாதமா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்விக்குறி

தலைப்பின் கடைசியில் போட்டாலும் குற்றச்சாட்டு குற்றச்சாட்டுதான்.

அந்தப் பெட்டியை அன்று எடுத்துவிட்டேன். “அந்த இடத்தில் என்ன சார் போடுவது?” என்று கேட்டார் உதவி ஆசிரியர். எத்தனை மணிக்கு வெடித்தது, எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள், அதை எதை வைத்துச் சொன்னார்கள் என்று வரிசையாக எழுதச் சொன்னேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இல்லை என்று வந்து நின்றார். அப்படியே எழுதச் சொன்னேன். பத்து வரி குறைந்தது. ஒரு விளம்பரத்தை வைத்து நிரப்பினோம்.