கிரானைட், டைல்ஸ் வெட்டும்போது தூசியை அடக்குவது எப்படி?

சமையல் மேடைக்கு கிரானைட் வெட்டும் நாளில் பக்கத்து வீட்டு ஜன்னல் வரை வெள்ளை படிந்துவிடும். அப்படிக் கண்ணில் படும் தூசியைவிட, படாத தூசிதான் மோசம். கிரானைட், மணல், கான்கிரீட் எல்லாவற்றிலும் உள்ள குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமத்தை பிளேடு அரைக்கும்போது கிளம்பும் சிலிக்கா துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே இந்தச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லிவிட்டது.

முதல் வேலை, வெட்டும் இடத்தை வெளியே மாற்றுவது. அளவை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலோ வாசலிலோ வெட்டுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

அடுத்தது தண்ணீர். பாதி வெற்றி இதில்தான். தண்ணீர்க் குழாய் மாட்டும் வசதியுள்ள மார்பிள் கட்டரை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள், சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றும் விளையாட்டு மட்டும் வேண்டாம், ஷாக் அடிக்கும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில் செருகி, பிளக்கை ஈரத்திலிருந்து தள்ளி, தரையில் படாமல் வையுங்கள். தண்ணீர் பிளேடு கல்லைக் கடிக்கும் இடத்திலேயே விழ வேண்டும். எவ்வளவு? பெரிய கட்-ஆஃப் இயந்திரங்களுக்கு பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்வது நிமிடத்துக்கு அரை லிட்டர், அதாவது ஒரு லிட்டர் பாட்டில் இரண்டே நிமிடம். கையால் அவ்வப்போது தெளிப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. வெட்டும் கோட்டில் சாம்பல் நிறக் கூழ் வழிந்தால் சரி, புகை தெரிந்தால் நிறுத்திவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

சுவரில் ஒயரிங்குக்குக் காடி எடுப்பதுதான் தலைவலி, மேலே தண்ணீர் நிற்காது. தூசி உறிஞ்சும் வேக்குவம் பொருத்திய கட்டர் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் மெயினை அணைத்து, சுவரை நன்றாக நனைத்து, உளியும் சுத்தியலும் எடுங்கள். மெதுவாகத்தான் ஆகும், ஆனால் தூசி மிகக் குறைவு.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதை நம்பாதீர்கள், நுண்துகள் அதைத் தாண்டிப் போகும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் வேண்டும். மாட்டியதும் மூக்குக் கம்பியை அழுத்தி, பலமாக மூச்சை விடுங்கள், கண் பக்கம் காற்று அடித்தால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்தக் கவசமும் ஒட்டாது. தண்ணீரும் கவசமும் சேர்ந்துதான், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை. சித்தாளுக்கும் ஒன்று கொடுங்கள், அவர்தான் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கிறார்.

வேலை முடிந்ததும் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். கூழ் ஈரமாக இருக்கும்போதே கரண்டியால் வழித்து காலி சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். காய்ந்தால் மறுபடி தூசிதான், சாக்கடையில் விட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சட்டையை உதறாமல் அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.