தொடர்பு முகவரியை இணையத்தில் போடும்போது செய்யும் தவறுகள்

1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முதலில் சேவை கிடைத்த ஊர்களில் மெட்ராஸும் ஒன்று. இங்கே கணக்கு வாங்கியவர்களின் மின்னஞ்சலில் அட் குறிக்குப் பின்னால் ஜிஐஏஎஸ்எம்டி01 டாட் விஎஸ்என்எல் டாட் நெட் டாட் இன் என்று நீளும். போனில் சொன்னால் ஓர் எழுத்தாவது பிசகும். கடைக்காரர்களும் சபாக்களும் அதையே பலகையிலும் பில்லிலும் வலைத்தளத்திலும் போட்டார்கள். சேவை மாறியதும் முகவரி செத்தது; பழைய வாடிக்கையாளர் அனுப்பிய கடிதம் திரும்பிப் போனது.

இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. சங்கத்துக்கு யாரோ ஓர் உறுப்பினரின் சொந்த ஜிமெயில்தான் தொடர்பு முகவரி. அவர் விலகினால் கடிதங்களும் அவரோடு போய்விடும். சங்கத்துக்கென்று சொந்த டொமைன் (அட் குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) வாங்கி, பதவியின் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் மாறினாலும் முகவரி மாறாது.

அடுத்தது ஸ்பேம், அதாவது கேட்காமல் வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல். பக்கம் பக்கமாகப் போய் அட் குறியைத் தேடி முகவரிகளைத் திரட்டும் நிரல்கள் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டன. அதற்குப் பயந்து பலர் முகவரியைப் படமாகப் போட்டார்கள். அதை நகலெடுக்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்காது. இது எனக்கு உடன்பாடில்லாத வழி. அட், டாட் என்று எழுத்தில் விரித்துப் போட்டாலும் நிரலுக்கு அது பெரிய தடை இல்லை. முகவரியை எழுத்தாகவே போடுங்கள், ஸ்பேம் வடிகட்டியை நம்புங்கள். உங்கள் வங்கிக்குக் கொடுத்த முகவரியை மட்டும் வலைத்தளத்தில் போடாதீர்கள்.

மெயில்டு இணைப்பை (சொடுக்கினால் கணினியின் மின்னஞ்சல் நிரலைத் திறப்பது) மட்டும் வைத்துவிட்டு முகவரியை எழுதாமல் விடுவதும் சரியில்லை. அன்றைய பிரவுசிங் சென்டரில் அதைச் சொடுக்கினால், யாருடைய கணக்கும் அமைக்கப்படாத அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் நிரல் திறக்கும், அவ்வளவுதான். பொதுக் கணினிகளில் இன்றும் அதே கதை.

அப்புறம், அடுக்குமாடிச் சங்கங்கள் கவனிக்க வேண்டியது: உறுப்பினர்களின் வீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் பொதுப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். அவர்களின் சம்மதம் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 1996 முதல் வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. நீங்கள் நாளை அழித்தாலும் அந்தப் பிரதி இருக்கக்கூடும். நீக்கச் சொல்லி அந்தக் காப்பகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.