பெல்லட் ஒரே இறுக்கத்தில் உட்கார: மலைநாட்டில் பத்து மீட்டர் எயார் ரைபிள்

10 மீட்டர் இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 0.5 மி.மீ. பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அவ்வளவுதான். தசமப் புள்ளி கணக்கில் ஒவ்வொரு 0.1க்கும் இடைவெளி 0.25 மி.மீ. பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் 0.4 புள்ளி போய்விடும். வேட்டுக்கு 0.2 வீதம் போனாலும் 60 வேட்டு முடியும்போது 12 புள்ளி குறைந்திருக்கும். அந்த இழப்பில் ஒரு பங்கு சுடுபவரின் கையில் இல்லை, பெல்லட் பரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், எப்படி உட்கார்ந்தது என்பதில் இருக்கிறது.

4.5 மி.மீ. பெல்லட்டுக்குத் தட்டையான தலை ஒன்று, பின்னால் உள்ளே குழிந்த மெல்லிய பாவாடை ஒன்று. பரலின் உள்வரிகளைப் பிடிப்பது தலை, காற்றை அடைப்பது பாவாடை. விசை விழுந்ததும் பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. பெல்லட் இறுக்கமாக இருந்தால் அழுத்தம் நன்றாக ஏறும்வரை நின்றுவிட்டுப் புறப்படும். தளர்வாக இருந்தால் அதற்கு முன்பே நழுவும், ஓரத்தால் காற்றும் கசியும். பெரிய ரைபிளுக்குத் தோட்டாவைத் தாமே நிரப்பிச் சுடுகிறவர்கள், குண்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் கேஸின் கழுத்து இறுக்கத்துக்கு மெனக்கெடுவதும் இதே காரணத்தால்தான். இறுக்கம் அதிகமா குறைவா என்பது இரண்டாம் பட்சம். ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேகம் மாறினால் என்ன ஆகும்? வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கும். வேகம் 2 மீட்டர் குறைந்து 168 ஆனால் இன்னும் 0.4 மி.மீ. இறங்கும், அதாவது 0.16 புள்ளி. வேக மாற்றத்தால் துளை மேலும் கீழும்தான் நகரும், பக்கவாட்டில் போகாது என்பதைக் கவனியுங்கள். ரைபிளைப் பொருத்திவைத்துச் சுட்டபோது துளைகள் செங்குத்தாக நீண்டால் ரெகுலேட்டரையும் (ஒவ்வொரு வேட்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பகுதி) பெல்லட் இறுக்கத்தையும் பாருங்கள். எல்லாப் பக்கமும் சிதறினால், அல்லது ஒன்று மட்டும் தனியாகப் பக்கத்தில் ஓடினால், பாவாடை நசுங்கியிருக்கும், இல்லாவிட்டால் தலையளவு பரலுக்குப் பொருந்தவில்லை. கையில் பிடித்துச் சுட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது, மூச்சும் துளையை மேலே கீழே இழுக்கும்.

போட்டிக்குரிய பெல்லட் பேணியின் மேல் 4.49, 4.50 என்று தலையளவு மி.மீ.இல் அச்சிட்டிருக்கும். ரைபிளுக்கு வழக்கமான எடை 0.53 கிராம், 0.45, 0.49 கிராம் போன்ற இலேசானவற்றைப் பிஸ்டல்காரர்கள் அதிகம் எடுப்பார்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் பலருக்கும் தெரிந்தவை. எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை. பக்கத்துப் பாதையில் சுடுபவரின் ரைபிளுக்கு 4.50 பொருந்தும், உங்கள் பரலுக்கு 4.49 பொருந்தும். இரண்டு ரைபிளும் ஒரே தொழிற்சாலையில் செய்தவையாக இருந்தாலும் அப்படித்தான்.

சோதனை இப்படி. ரைபிளின் கட்டையை, அதாவது மரம் அல்லது அலுமினியப் பகுதியை, ரப்பர் வைத்த வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடியுங்கள். பரலிலோ காற்று சிலிண்டரிலோ வைஸ் படக்கூடாது. பரல் சூடுபிடிக்க என்று எதுவும் இல்லை, ஆனால் இரவு முழுவதும் சும்மா இருந்த ரெகுலேட்டர் முதல் இரண்டு மூன்று வேட்டில் சரியாக நிற்காது. எனவே 10 வேட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். பிறகு ஒவ்வொரு வகைக்கும் 10 வேட்டுத் தொகுதிகள் ஐந்து. ஐந்து வேட்டுச் சுட்டு ஒரு அழகான ஓட்டை வந்துவிட்டது என்று பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். துளைத் தொகுதியின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வெர்னியரால் அளந்து பெல்லட்டின் விட்டமான 4.5ஐக் கழியுங்கள். மீதி 1 முதல் 1.5 மி.மீ.க்குள் என்றால் அந்தப் பேணியே போதும். 3 மி.மீ. தாண்டினால் அடுத்த வகைக்குப் போங்கள். தெரிந்தெடுத்ததும் பேணியின் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் பருவம் முழுவதற்கும் வாங்கிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு தொகுதி வேறு பெல்லட்.

அடுத்தது பொறுக்குதல். வெள்ளைத் துணியில் ஐம்பது ஐம்பதாகப் பரப்பி, மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாவாடையைப் பாருங்கள். வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் ஒதுக்குங்கள். விளிம்பில் ஈயச் செதில் ஒட்டியிருந்தால் ஒதுக்குங்கள். தலையில் பள்ளம் இருந்தாலும் அப்படியே. ஒதுக்கியதை எறிய வேண்டாம், நிலை பிடித்து நிற்கப் பழகும் பிள்ளைகளுக்கு அது போதும். பேணியைக் குலுக்கிக் கொட்டுவதும், சட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொள்வதும்தான் பாவாடை நசுங்க முதல் காரணம்.

எடை பார்ப்பது பற்றிப் பலர் கேட்பார்கள். நகைக்கடைத் தராசு 0.01 கிராம்வரை காட்டும், 0.53 கிராம் பெல்லட்டுக்கு அது போதாது. 0.001 கிராம் தராசு வேண்டும், காற்று படாத இடத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு வைக்க வேண்டும். மலிவான பெல்லட்டில் இதனால் பயன் உண்டு. போட்டிப் பெல்லட்டை இரவு விழித்து நிறுப்பது வீண் வேலை, அந்த நேரத்தில் பாவாடையைப் பார்க்கலாம்.

ஏற்றும் முறைதான் எல்லோரும் கவனியாமல் விடுவது. பெல்லட்டைத் தலை முன்னால் வைத்து, பெருவிரலால் சாயாமல் நேராகத் தள்ளி, அது பரல் வாயில் பொருந்தியதை உணர்ந்த பிறகே நெம்பை (ஏற்றும் வாயை அடைக்கும் கைப்பிடியை) மூடுங்கள். சாய்ந்த பெல்லட்டின் மேல் நெம்பு அடைத்தால் பாவாடையின் ஒரு பக்கம் சப்பையாகும், அந்த வேட்டு 9இல் போய் நிற்கும். நெம்பை மூடும்போது கையில் படும் எதிர்ப்பை நினைவில் வையுங்கள். திடீரென்று ஒன்று வழுக்கிக்கொண்டு போனால் போட்டியானாலும் சுடும்முன் வெளியே எடுத்துவிட்டு வேறொன்று போடுவது நல்லது. முடியாவிட்டால் தெரிந்தே ஒரு வேட்டை இழக்கிறீர்கள்.

இனி நம்மூர்ப் பனி. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பேணியைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் ஈயம் மங்கி, பிறகு வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடியின் தடிப்பே இறுக்கத்தை மாற்றும். தேயிலைத் தூள் நமத்துப்போகாமல் எப்படிப் பாதுகாப்போமோ அப்படியே இதற்கும்: அலுமினியத் தாள் பூசிய பை, உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, வாயை மடித்துக் கட்டுங்கள். மரப்பெட்டி அழகாக இருக்கும், ஆனால் மரத்திலிருந்து வெளிவரும் அமிலம்தான் ஈயத்தை அரிக்கும். குளிர்ந்த பேணியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் திறக்கக்கூடாது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே வியர்க்காது.

காற்றிலும் இதே பிரச்சினை, இன்னும் மோசமாக. 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பும் ரைபிள் சிலிண்டர் 0.2 லீட்டர் என்றால் அதற்குள், கடல் மட்டக் கணக்கில், 40 லீட்டர் வெளிக்காற்றை அடைக்கிறோம். 15 பாகை வெப்பத்தில் பனிமூட்டக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 13 கிராம் நீராவி உண்டு, ஆக 40 லீட்டரில் அரைக் கிராம். ஒரு பெல்லட்டின் எடைக்குத் தண்ணீர். கைப்பம்பு அதைக் கொஞ்சம் பிரிக்கும், மீதி ரெகுலேட்டருக்குள் போகும், அங்கே சீல் கெட்டால் வேகம் தாறுமாறாகும். பம்பின் உலர்த்திப் பகுதியை ஒவ்வொரு முறையும் பாருங்கள், 50 முறை அடித்ததும் நிறுத்தி ஆறவிட்டு நீரை வடியுங்கள். நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், கொழும்பில் 80 அடி அடித்தால் நிரம்புவதற்கு இங்கே 100 அடி பிடிக்கும், பம்பு கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள். வசதி இருந்தால் கடலோர ஸ்கூபா கடையில் நிரப்பிய சிலிண்டரிலிருந்து மெதுவாக ஏற்றுவது சிறந்தது, அது வடிகட்டி உலர்த்திய காற்று. பம்பின் பிஸ்டனுக்கு மோட்டார் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் போடக்கூடாது. உயர் அழுத்தத்தில் அது தீப்பிடிக்கும். சிலிகன் கிரீஸ் மட்டும்.

மாலையில் 20 பாகையில் 200 பார் நிரப்பிய சிலிண்டர் காலை 10 பாகையில் 193 காட்டும், அது கசிவு அல்ல. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. விடியற்குளிரில் 10 பாகையில் 200 நிரப்பிப் போட்டிக்குக் கொழும்பு போனால், 32 பாகையில் அழுத்தம் 215ஐத் தாண்டும். இறங்குகிறவர்கள் 180க்கு நிரப்பினால் போதும், அங்கே 194 ஆகிவிடும். சிலிண்டரில் குத்திய திகதியையும் பாருங்கள், பெரும்பாலானவற்றின் ஆயுள் 10 ஆண்டு.

பரலை 500 வேட்டுக்கு ஒருமுறை ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துணிப் பெல்லட் இரண்டு மூன்று செலுத்தித் துடையுங்கள், பின்பக்கத்திலிருந்து. துடைத்த உடன் துளைகள் ஐந்தாறு வேட்டுவரை இடம் மாறும். ஆகவே போட்டி நாள் காலையில் துடைக்காதீர்கள். ஸ்பிரிங் ரைபிளில் துணிப் பெல்லட்டைச் சுட வேண்டாம், அது மிக இலேசானது, பிஸ்டன் நேரே மோதும், அங்கே கம்பியால்தான் துடைக்க வேண்டும்.

ஈயம் தொட்ட கையோடு ரொட்டியைத் தொடாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளையை முதல் நாளே நிறுத்துங்கள். இலக்குப் பெட்டியின் தூசியை உலர்ந்த விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனிப் பையில் கட்டுங்கள்.