வட்ட ரம்பத்தின் மோட்டாரை மாற்றுவது: எச்.பி. மட்டும் பார்த்தால் போதாது

கொங்கு நாட்டில் மோட்டாருக்குப் பஞ்சம் இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்ததும், 1937-இல் ஜி.டி. நாயுடு இங்கேயே மோட்டார் செய்யத் தொடங்கியதும் போட்ட அடித்தளத்தில், இன்றும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே ஒரு பழக்கமும் ஊறிப்போயிருக்கிறது. மரப்பட்டறையில் ரம்பம் நின்றுவிட்டால் உடனே கடைக்குப் போய், “ஏனுங்க, மூணு எச்.பி. மோட்டார் ஒண்ணு வேணுமுங்க” என்று கேட்டு, கொடுத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். கிணற்று மோட்டாருக்கு அது ஓரளவு சரிப்படலாம். மேசைக்கு மேலே பல்லை நீட்டிக்கொண்டு சுற்றும் வட்ட ரம்பத்துக்குச் சரிப்படாது. பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள வேகம், சட்ட அளவு (ஃபிரேம் சைஸ்), ஷாஃப்ட் விட்டம் ஆகிய மூன்றும் எச்.பி.யைப் போலவே முக்கியமானவை.

அதற்கும் முன்னால், பழுது மோட்டாரில்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. மோட்டார் பெட்டியைத் திறந்து, முனைகளில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்; அதன் இரு முனைகளிலும் ஒரு சாதாரண குண்டு பல்பின் ஒயர்களைத் தொடவைத்து இறக்கிவிட வேண்டும்.

அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரம்பத்தின் ஷாஃப்ட்டையும் மோட்டாரின் ஷாஃப்ட்டையும் தனித்தனியாகக் கையால் சுற்றிப் பாருங்கள். ரம்ப ஷாஃப்ட்டே இறுகிக் கிடந்தால் குற்றம் அதன் பேரிங்கில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் மாட்டினால் அதுவும் வேகும். மோட்டார் ஷாஃப்ட் கரகரவென்று சுற்றினாலோ மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. இந்த அளவு மோட்டார்களில் பெரும்பாலும் 6205 அல்லது 6206 பேரிங்தான் இருக்கும். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவு. சுற்றாமல் உறுமி நிற்கும் மோட்டாரையும் அவசரப்பட்டுக் கைகழுவ வேண்டியதில்லை. த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் வராவிட்டால், அதாவது ஒரு ஃபியூஸ் போயிருந்தாலோ ஸ்டார்ட்டரின் ஒரு காண்டாக்ட் கருகியிருந்தாலோ, இதே உறுமல்தான் கேட்கும். சிங்கிள் ஃபேஸில் கெபாசிட்டர் போயிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சில் மரத்தூள் அடைத்துக்கொண்டிருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் சூடேறிப் புகைகிறது என்றால் காயிலைச் சோதிக்க வேண்டும். இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரை ஒரு முனை காயிலிலும் மறு முனை மோட்டார் உடம்பிலும் வைத்துப் பார்க்கையில் 1 மெகஓமுக்குக் கீழே காட்டினால் இன்சுலேஷன் கெட்டுவிட்டது, அல்லது மழைக்கால ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரம் என்றால் உலர்த்தினால் அளவு ஏறிவிடும். மூன்று காயில்களின் மின்தடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தக் காயிலுக்குள் ஷார்ட் உண்டு. பெட்டியைத் திறந்ததும் எரிந்த வார்னிஷ் வாடை மூக்கில் ஏறினால் மெகருக்கே வேலை இல்லை.

காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா என்பது ஒவ்வொரு பட்டறையிலும் நடக்கும் வாக்குவாதம். முதல் தடவை எரிந்த நல்ல மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் ஏற்கெனவே காயில் கட்டிய மோட்டாரில், பழைய கம்பியை எடுக்கத் திரும்பத் திரும்ப நெருப்பில் சுட்டதால் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் மேல்பூச்சு போய், சுமை இல்லாமலே கரண்ட் கூடுதலாக இழுக்கும். பேரிங் உட்காரும் குழியும் தேய்ந்து, புதுப் பேரிங் அதில் தளர்வாகச் சுற்றினால் மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

இனி புது மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் இடம். பெரும் தவறுகள் நடப்பதும் இங்கேதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1440 சுற்று, 2880 சுற்று என்ற இரண்டு வேகங்களில் வருகின்றன. உங்கள் மேசையில் 1440 மோட்டாரில் 5 அங்குலப் புல்லியும் ரம்ப ஷாஃப்ட்டில் இரண்டரை அங்குலப் புல்லியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரம்பம் 2880 சுற்று ஓடும், 12 அங்குல ரம்பத்தின் பல் நுனி விநாடிக்கு 46 மீட்டர் வேகத்தில் போகும். அதே புல்லிகளை வைத்துக்கொண்டு 2880 மோட்டாரை மாட்டினால் ரம்பம் 5760 சுற்றுக்கு ஏறி, பல் நுனி 92 மீட்டரைத் தொடும்; ரம்பத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். ரம்பத் தகட்டின் மேலேயே அதன் உச்ச வேகம் பொறித்திருக்கும். அதை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது.

வேகம் மாறினால் உடம்பும் மாறும். 3 எச்.பி., அதாவது 2.2 கிலோவாட், 1440 மோட்டார் பொதுவாக 100எல் என்னும் சட்டத்திலும், அதே 3 எச்.பி. 2880 மோட்டார் 90எல் சட்டத்திலும் வருகின்றன. 90எல்லில் ஷாஃப்ட் 24 மி.மீ., அதன் மையம் தரையிலிருந்து 90 மி.மீ. உயரம், கால் துளைகளின் இடைவெளி 140-க்கு 125 மி.மீ. 100எல்லிலோ ஷாஃப்ட் 28 மி.மீ., உயரம் 100 மி.மீ., துளைகள் 160-க்கு 140 மி.மீ. எனவே பெயர்த்தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, தகடு அழிந்திருந்தால் இந்த அளவுகளையாவது அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். ஷாஃப்ட் பெரிதாகிவிட்டால் பழைய புல்லியை லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிக் கீ வழியும் வெட்டி வாங்குங்கள். சிறிதாகிவிட்டால் புதுப் புல்லி வாங்குவதே முறை. தகரத்தைச் சுருட்டிச் சொருகி ஒப்பேற்றினால் சில நாளில் புல்லி கழன்று ஓடும்.

மோட்டார் முழுவதும் மூடிய வகையாக, தூசியையும் நீரையும் தடுக்கும் ஐ.பி.55 காப்புடன் இருக்கட்டும். காற்றுத் துளை வைத்த திறந்த மோட்டார் விலை குறைவுதான் என்றாலும் மரத்தூள் பறக்கும் இடத்தில் அதன் காயில் தூளால் மூடிச் சூடேறிவிடும். அறுவை கடினமாக இருக்கிறதே என்று எச்.பி.யைக் கூட்ட நினைப்பவர்கள், முதலில் ரம்பத்துக்குச் சாணை பிடித்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை அறுப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வைரம் பாய்ந்த தென்னை பல்லை எவ்வளவு சீக்கிரம் மழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எச்.பி.யைக் கூட்டுவதென்றே முடிவானால், ஈ.பி.யில் வாங்கியிருக்கும் அனுமதிச் சுமைக்குள் அது அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தையும் ஒருமுறை அளக்க வேண்டும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 360 வோல்ட்தான் வருகிறது என்றால், மோட்டாரின் திருப்பு விசை முக்கால் பங்காகக் குறைந்துவிடும். பல மோட்டார்கள் எரிவதற்கு அதுவே காரணம்.

பழையதைக் கழற்றுவதில் புல்லி ஒன்றுதான் சோதிக்கும். முதலில் ஒயர்கள் எந்த முனையில் இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லியின் கழுத்தில் உள்ள கிரப் ஸ்க்ரூ துளையை மரத்தூளும் கிரீஸும் குழைந்து கல்லாக அடைத்திருக்கும். ஓர் ஆணியால் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஆலன் கீ உள்ளே உட்காரும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியும் புல்லி அசையவில்லை என்றால் அதே துளைக்குள் அடியில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டு ஸ்க்ரூ போட்டிருப்பது உண்டு. பிறகு புல்லரை மாட்டி நிதானமாக இழுக்க வேண்டும். புதுப் புல்லியை ஏற்றும்போதும் சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. அந்த அடி நேராகப் பேரிங்கின் குண்டுகளில் போய் விழும்.

மோட்டாரைத் தளத்தில் வைத்துப் போல்ட்டுகளை அரைகுறையாக இறுக்கிக்கொண்டு, இரண்டு புல்லிகளின் முகத்துக்கும் நூல் பிடியுங்கள். நிலைக்கதவுக்கு நூல் பிடிக்கத் தெரிந்த ஆசாரிக்கு இது புதிதல்ல: நூல் நான்கு விளிம்புகளையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். பின்னர் பெல்ட்டை மாட்டும்போது அதன் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், புல்லி மையங்களுக்கு இடையே 40 செ.மீ. இருக்கும் மேசையில் சுமார் 6 மி.மீ. இறங்கினால் போதும். அதைவிட இறுக்குவது பேரிங்குக்குக் கேடு.

ஒயர் கொடுப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை; இருந்தாலும் உடன் நின்று சிலவற்றைக் கவனிக்கலாம். ஸ்டார் இணைப்பா டெல்டா இணைப்பா என்பதைப் புது மோட்டாரின் தகடுதான் சொல்ல வேண்டும், பழைய மோட்டாரின் இணைப்பு அல்ல. த்ரீ ஃபேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைப் புதுத் தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்பி வைக்க வேண்டும். பழைய அளவிலேயே விட்டுவிட்டால் ரிலே இருந்தும் பயனில்லை.

பெல்ட்டையும் ரம்பத்தையும் மாட்டும் முன்பே மோட்டாரை ஒரு நொடி ஓட்டிச் சுழலும் திசையைப் பாருங்கள். ஆள் நிற்கும் பக்கத்தில் ரம்பப் பல் மேலிருந்து கீழே மேசைக்குள் இறங்க வேண்டும். நேர் பெல்ட்டில் மோட்டாரும் அதே திசையில்தான் சுற்றும். மாறிச் சுற்றினால் மரம் மேலே தூக்கியடிக்கும், ரம்ப நட்டும் தானாகக் கழலும். த்ரீ ஃபேஸில் ஏதேனும் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். சிங்கிள் ஃபேஸில் வரும் ஒயர்களை மாற்றிப் பயனில்லை. ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்ற வேண்டும். அதற்கான படம் பெட்டி மூடியின் உள்பக்கம் இருக்கும்.

திசை சரியானதும் மெயினை மறுபடி அணைத்து, பெல்ட், ரம்பம், காப்புத் தகடு எல்லாவற்றையும் மாட்டி, ரம்பத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று ஓட்டுங்கள். கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் அளந்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக, மரம் கொடுக்காதபோது தகட்டு அளவில் பாதியை ஒட்டி இருக்கும். அறுக்கும்போது தகட்டு அளவைத் தாண்டி நீடிக்கக் கூடாது. அரை மணி நேர வேலைக்குப் பிறகு மோட்டார் உடம்பில் கை வைக்க முடியவில்லையே என்று பதற வேண்டாம். உறை 60 டிகிரியைத் தொடுவது இயல்புதான். புதுப் பெல்ட் மட்டும் முதல் நாளிலேயே சற்று நீளும் என்பதால், மறுநாள் காலை வேலையைத் தொடங்கும் முன் அதன் இறுக்கத்தையும் மோட்டார் கால் போல்ட்டுகளையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.