முதுகைத் திறப்பதற்கு முன் கையைப் பாருங்கள்: படைவீரர் மருத்துவமனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓ.பி.யில் ஒரு இளம் மருத்துவர் என்னிடம் ஒரு கேஸைச் சொன்னார். "68 வயது, முன்னாள் படைவீரர். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனக்கிறது என்கிறார். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 என்ற கீழ் இடுப்பு முதுகெலும்பு இடத்தில் நரம்புக் குழாய் நன்றாகச் சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் லிஸ்டில் போட்டுவிடலாமா சார்?"

"கையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். கால் தொந்தரவு என்று வந்தவருக்குக் கையை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் நானும் அதே பார்வையோடுதான் இருந்தேன். அதனால் ஒரு மனிதர் தன் விரல்களின் பலத்தை இழந்தார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பஞ்சு எண்ணிக்கை, பக்கத்தைக் குறியிடுவது, எக்ஸ்ரே வைத்து எலும்பை எண்ணிச் சரிபார்ப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றுக்குச் செக்லிஸ்ட் இருக்கிறது, சொல்லித்தர ஆளும் இருக்கிறது. படைவீரர்களைப் பார்க்க வரும் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

கால் பிரச்சினைக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. போதும் என்று நினைப்பது

விரல்களின் பலத்தை இழந்த அந்த மனிதர் பாராசூட்டில் குதித்துப் பழகியவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. "கால் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது டாக்டர்" என்றார். நான் அதை "கால் வலி" என்று எழுதிக்கொண்டேன். இன்று அந்த வரியை நினைத்தால் பதறுகிறது. அவர் வலி என்று சொல்லவே இல்லை. கால் சொன்னபடி கேட்கவில்லை என்றுதான் சொன்னார். நோயை அவரே கண்டுபிடித்து என் கையில் கொடுத்திருக்கிறார். நான்தான் வேறொன்றாக எழுதினேன்.

இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எல்3 முதல் எல்5 வரை நெருக்கம். அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் ஏதாவது தெரியும் என்பதை அப்போது நான் போதுமான அளவுக்கு மதிக்கவில்லை. படமும் சொல்லும் தொந்தரவும் பொருந்திவிட்டன என்று முடிவு செய்து லேமினெக்டமி (நெருக்கத்தைத் தளர்த்த முதுகெலும்பின் பின்பகுதியை எடுக்கும் அறுவை) செய்தேன். அறுவை நன்றாகவே முடிந்தது, காயம் ஆறியது, ரத்தப்போக்கும் அதிகமில்லை.

ஆறாவது வாரம் அவர் கைத்தடியோடு வந்தார். அடுத்த முறை வாக்கரோடு வந்தார். அப்போது அவர் மனைவி, ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னார்: "ஆபரேஷனுக்கு முன்னாடியே இவருக்குச் சட்டை பட்டன் நான்தான் டாக்டர் போட்டு விடுவேன்."

நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்தேன். கட்டை விரல் சட்டென்று உள்ளே மடங்கியது. இரண்டு கையிலும் அப்படித்தான். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளியது. கழுத்து எம்.ஆர்.ஐ.யில் சி4 முதல் சி6 வரை தண்டுவடம் நசுங்கி, உள்ளே வெள்ளையாக மாற்றம் தெரிந்தது. நோய் இருந்தது கழுத்தில்; நான் திறந்தது இடுப்பை.

கழுத்து அறுவைக்குப் பிறகு மேலும் மோசமாகாமல் நின்றது. நடை ஓரளவு திரும்பியது. விரல்கள் திரும்பவில்லை. முதலில் எதைத் தவறவிட்டேன் என்பதை அவரிடமும் அவர் மனைவியிடமும் உட்கார்ந்து விளக்கினேன். "பரவாயில்லை டாக்டர்" என்றார். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமே அல்ல அது.

இந்தத் தவறு இன்னும் நடப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் இதைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், உடற்கூறு நினைவிருந்தால் போதும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1 அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. அவை நசுங்கினால் ரெஃப்ளெக்ஸ் (தட்டினால் தானாகத் துள்ளும் அனிச்சை) குறையும், தசை தளரும். ஆகவே எல்4-எல்5 நெருக்கம் உள்ள ஒருவருக்கு முழங்கால் ரெஃப்ளெக்ஸ் அளவுக்கு மீறித் துள்ளினால் காரணம் அங்கே இருக்க முடியாது. மேலே போய்த் தேட வேண்டும்.

இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. கழுத்திலும் இடுப்பிலும் ஒரே ஆளுக்கு நெருக்கம் இருப்பது அபூர்வம் அல்ல. கழுத்து நோய் ரெஃப்ளெக்ஸைக் கூட்டும், இடுப்பு நோய் குறைக்கும். கூட்டிக் கழித்து "நார்மல்" என்று கேஸ் ஷீட்டில் விழுந்துவிடும். சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டிருந்தால் கணுக்கால் ரெஃப்ளெக்ஸே இருக்காது, அதுவும் சேர்ந்து மறைக்கும். அதனால் காலை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. இடுப்பு நோயால் கையில் எதையும் மறைக்க முடியாது, கை பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

நான் இப்போது ஒவ்வொருவருக்கும் செய்வது இவ்வளவுதான். 10 வினாடியில் எத்தனை முறை விரல்களை மடக்கி விரிக்க முடிகிறது என்று எண்ணுவேன். 20-க்குக் கீழே போனால் சந்தேகம். நடுவிரலைச் சுண்டிப் பார்ப்பேன். குதிகாலும் நுனியும் ஒட்ட, ஒரே கோட்டில் நடக்கச் சொல்வேன். கண்ணை மூடி நிற்கச் சொல்லி ஆடுகிறாரா என்று பார்ப்பேன். பிறகு சட்டை பட்டன், கையெழுத்து, சாவி பற்றிக் கேட்பேன். எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள். இதில் ஒன்று தவறினாலும் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இடுப்பைத் தொடுவதில்லை.

வலி இல்லாததால் ஏமாறாதீர்கள். கழுத்துத் தண்டுவட நெருக்கம் பல பேருக்கு வலியே தராது. கை மரத்துப் போவதை மணிக்கட்டு நரம்புப் பிரச்சினை என்று சொல்லி அங்கே அறுவை செய்து கொண்டு வருபவர்களும் உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கழுத்து நெருக்கத்தை அறியாமல் மயக்கம் கொடுத்தால், குழாய் போடக் கழுத்தை நிமிர்த்துவதும், குப்புறப் படுக்க வைத்துத் தலையைத் திருப்புவதும் அந்தத் தண்டுவடத்தை இன்னும் நசுக்கலாம். அறுவை இடுப்பில் நடக்கும், சேதம் கழுத்தில் நடக்கும். இரண்டு இடத்திலும் நோய் இருந்து, கழுத்து அறிகுறிகள் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் கழுத்தைத்தான் முதலில் சரிசெய்கிறோம். போன செயலைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மேலும் போகாமல் நிறுத்துவதே அந்த அறுவையின் முதல் நோக்கம். அதனால்தான் ஒவ்வொரு மாதத் தாமதமும் என்னை இவ்வளவு உறுத்துகிறது.

சரி, அந்த 68 வயதுக்காரர்? இளம் மருத்துவர் திரும்பிப் போய்ப் பார்த்தார். 10 வினாடியில் 11 முறை. லிஸ்டிலிருந்து பெயரை எடுத்தோம், கழுத்துக்கு ஸ்கேன் எழுதினோம்.

"பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டு நிறுத்துவது

படைவீரரிடம் இந்தக் கேள்வி செல்லாது. வலியைச் சொல்லாமல் இருக்கவே பல வருடம் பழக்கப்பட்டவர்கள். "நான்கு" என்பார், எழுந்திருக்கக் கட்டில் கம்பியைப் பிடிப்பார். "எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். கூட வந்தவரிடமும் அதையே கேளுங்கள். சிறுநீர் பற்றியும், உட்காரும் இடம் மரத்துப் போகிறதா என்பது பற்றியும் நீங்களாகவே கேட்க வேண்டும், அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். சிறுநீர் கழித்த பிறகும் பையில் 200 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் கீழ் முதுகின் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம், அன்றைக்கே எம்.ஆர்.ஐ. நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

நிகோட்டின் நிற்காமல் ஃபியூஷன் (முதுகெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவை) இல்லை.

நரம்பு அவசரம் மட்டும் விலக்கு.

விறைத்த முதுகுக்காரர் விழுந்தால் எக்ஸ்ரேயோடு திருப்தியடைவது

வயதான ஆண்களில், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களில், முதுகெலும்பின் முன்பக்கம் மெழுகு வழிந்தது போல எலும்பு வளர்ந்து பல எலும்புகள் ஒன்றாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். மூட்டு அழற்சி வகையைச் சேர்ந்த ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸிலும் இப்படித்தான் ஒட்டும். இப்படிப்பட்ட முதுகு, நீண்ட எலும்பு முறிவது போல முறியும். நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்தால்கூடப் போதும். எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். புதிதாக வலி என்று சொன்னால் முதுகெலும்பு முழுவதற்கும் சி.டி. எடுங்கள், ஏனென்றால் இரண்டாவது முறிவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கலாம்.

அப்புறம், அவரை மல்லாக்க நேராகப் படுக்க வைக்காதீர்கள். பல வருடமாகக் கூன் விழுந்த முதுகு அது. தட்டையான பலகையில் நிமிர்த்தினால் முறிவு வாய் பிளந்து தண்டுவடத்தை வெட்டிவிடும். வழக்கமாக அவர் எப்படிக் குனிந்திருப்பாரோ அதே வளைவில் தலையணை வைத்துத் தாங்க வேண்டும். கழுத்துப் பட்டை போடும்போதும் இதே கவனம் வேண்டும்.

பழைய குண்டுச் சிதறலைக் கேட்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது

கேளுங்கள். உள்ளே தங்கிய இரும்புத் துண்டை எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அசைக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே, கண் குழிக்கும் சேர்த்து.

காலின் நாடியைத் தொடாமல் முதுகு என்று முடிவு கட்டுவது

நடந்தால் கால் வலி என்பதற்கு ரத்தக் குழாய் அடைப்பும் காரணமாகலாம், புகைபிடித்தவர்கள் நிறைந்த வார்டில் இன்னும் அதிகமாக. நின்றாலே வலி குறைந்தால் ரத்தக் குழாய் பக்கம் யோசியுங்கள். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் குறைகிறது என்றால் நரம்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கும் ஆட்களும் உண்டு. கூடவே இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பாருங்கள்.

ஆண் என்பதால் எலும்பு உறுதியாக இருக்கும் என்று நம்புவது

வயது, குடி, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்து எலும்பை மெலித்திருக்கும். எலும்பு அடர்த்தியை அளக்க முதுகில் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் இங்கே பொய் சொல்லும். தேய்மானத்தில் வளர்ந்த முட்களையும் சேர்த்து எண்ணி நல்ல மதிப்பைக் காட்டிவிடும். இடுப்பு மூட்டின் மதிப்பைப் பாருங்கள். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

மயக்கம் தெளியும் நேரத்தை மயக்க மருத்துவரின் வேலை என்று விட்டுவிடுவது

போர்க்களம் பார்த்தவர்கள் சிலர் மயக்கம் தெளியும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போராடுவார்கள். ஒருவர் அப்படி எழுந்தபோது நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கினோம். அமுக்க அமுக்க அவர் இன்னும் பயந்தார். காயத்தில் வைத்த வடிகுழாய் பிடுங்கிக்கொண்டது, ஒரு செவிலியருக்கு அடி பட்டது. தெளிந்ததும் அந்தச் செவிலியரைத் தேடி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். தூக்கத்தில் அலறி எழுவாரா, யாராவது பின்னால் நின்றால் பதறுவாரா என்று நாங்கள் முன்கூட்டியே அவரிடம் கேட்டிருக்கவில்லை.

இப்போது அறுவைக்கு முதல் நாளே அதைக் கேட்டு மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுகிறோம். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்கிறோம். ஒருவர் மட்டும், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று பேசுவார். உயிருக்கோ காயத்துக்கோ ஆபத்து என்றால் தவிர அமுக்கிப் பிடிப்பதில்லை. கேஸ் ஷீட்டிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: எழுப்பும்போது என்ன சொல்லி அழைக்க வேண்டும்?

அதே மனிதர் இரண்டு வருடம் கழித்து இன்னொரு அறுவைக்கு வந்தார். பதவிப் பெயர் வேண்டாம் என்றார். வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயரைச் சொல்லி, "உங்கள் மனைவி வெளியே இருக்கிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார். அப்படியே சொன்னோம். கண்ணைத் திறந்தவர், "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.