வீட்டில் பழம்பொரி: ஏத்தம்பழத்தின் பக்குவமும் எண்ணெயின் சூடும்

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் நேந்திரம்பழம் என்று விற்கப்படுவதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் ஏத்தம்பழம் என்போம். அதை நீளவாக்கில் அரிந்து, இலேசாக இனிப்பிட்ட மாவில் தோய்த்து, தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுப்பதே பழம்பொரி. திருவனந்தபுரத்துப் பக்கம் இதற்கு வாழைக்காப்பம் என்றும், அதற்கும் வடக்கே ஏத்தக்காப்பம் என்றும் பெயர். 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணையும்வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லை மாறினாலும் மாலை நேரத் தேநீர்க் கடையின் கண்ணாடிப் பெட்டி மாறவில்லை. பருப்பு வடைக்குப் பக்கத்தில் இந்தப் பலகாரம் இன்றும் இரு புறத்திலும் அடுக்கப்பட்டிருக்கும்.

வீட்டில் செய்துபார்த்துச் சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாவின் அளவைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் பிழை அதற்கு முன்பே, பழத்தை வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. ஆகவே பழத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காயாக இருக்கும்போது ஏத்தனில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது என்றாலும், பூவனிலும் ரஸ்தாளியிலும் மாறுகிற அளவுக்கு இதில் மாறுவதில்லை. தோல் நன்கு மஞ்சளான பிறகும் சதையில் ஓரளவு மாவுச்சத்து தங்கியிருப்பதால்தான், கொதிக்கும் எண்ணெயிலும் துண்டு குலையாமல் நிற்கிறது. வெளியூரில் குடியிருந்த நாட்களில் ஏத்தம்பழம் கிடைக்காமல் பூவன்பழத்தில் ஒருமுறை முயன்றேன். எண்ணெயில் விழுந்த சிறிது நேரத்திலேயே பழம் உள்ளே கூழாகி, மாவுறை பிளந்து, வாணலி முழுவதும் கரிந்த துணுக்குகள் மிதந்தன. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மட்டிப்பழத்தின் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆனாலும் அது உரித்து அப்படியே உண்ண வேண்டிய பழம், அதை எண்ணெய்ச் சட்டிக்குக் கொண்டுவர வேண்டாம்.

தோல் முழு மஞ்சளாகி, அதன்மேல் கரும்புள்ளிகள் ஆங்காங்கே தோன்றத் தொடங்கிய பழமே பொரிப்பதற்கு ஏற்றது. காம்பை ஒட்டிய பகுதியைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும், ஆனால் விரல் உள்ளே போகக் கூடாது. காம்பில் பச்சை தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுப்பது நல்லது. அவசரப்பட்டு அரிந்தால் பழம் பொரிந்த பின்னும் வறட்டு மாவாக நாக்கில் ஒட்டும், மைதாவில் எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் அந்தக் குறை தீராது. காய்வெட்டாகக் கிடைத்ததை விரைவில் பழுக்க வைக்க வேண்டுமென்றால், வேறொரு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் சுற்றியோ அரிசிப் பானைக்குள் புதைத்தோ வைக்கலாம். பழுத்த பழத்திலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கத் தூண்டும். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைத்துவிடக் கூடாது. குளிரில் தோல் கறுத்துப்போகும், உள்ளே சதையோ காயாகவே நின்றுவிடும், தோலை நம்பி அரிந்தவர் ஏமாந்துபோவார்.

மூன்று பெரிய பழங்களுக்கு 18 துண்டுகள் தேறும். ஒவ்வொரு பழத்தின் இரு முனைகளையும் சிறிது நறுக்கித் தள்ளி, தோலை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டிய பின், ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்று வில்லைகளாக அரிய வேண்டும். வில்லையின் கனம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதைவிட மெல்லியதானால் பழத்தின் சுவை மாவில் மறைந்துவிடும். தடித்தால் வெளியே சிவந்துவிடும்போது நடுப்பகுதி சூடேறாமல் இருக்கும். அரிந்த துண்டுகளை நெடுநேரம் வைத்திருந்தால் நிறம் மங்குமாதலால், மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் பழத்தை அரிவதே முறை.

மாவுக்கு 1 கப் மைதா, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை உப்பு, பொடித்த ஏலக்காய் இரண்டு ஆகியவற்றைக் கலந்து, முக்கால் கப் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மைதாவின் தன்மைக்கேற்பத் தண்ணீர் ஓரிரு கரண்டி கூடவோ குறையவோ செய்யலாம் என்பதால், அளவைவிடப் பதத்தையே நம்புங்கள். பழத்துண்டை முக்கித் தூக்கினால் அதன் மஞ்சள் நிறம் தெரியாதபடி மாவு மூடியிருக்க வேண்டும். மிகுந்த மாவு நீளமாக வழிந்து சொட்டி நிற்க வேண்டும். தோசைமாவைவிடச் சற்றே இறுக்கமான பதம் அது. அரிசி மாவு மொறுமொறுப்புக்காகச் சேர்வது. மஞ்சள்தூள் நிறத்துக்கு, கடைகளில் காணும் பளிச்சென்ற நிறம் சில இடங்களில் வண்ணப்பொடியால் வருவது, வீட்டில் அதற்கு ஆசைப்பட வேண்டியதில்லை. சர்க்கரையைக் கூட்டினால் பழம் வேகும் முன்பே மாவுறை கறுத்துவிடும்.

உப்பலாக வர ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்ப்பது பரவலான வழக்கம். எனக்குப் பிடித்தது வேறு வழி: சோடாவுக்குப் பதிலாகப் புளித்த தோசைமாவு ஒரு கரண்டி விட்டு, அரை மணி நேரம் மூடி வைத்துவிடுவேன். அந்த மெல்லிய புளிப்பு பழத்தின் இனிப்பைத் திகட்டவிடாது, மாவுறையும் எண்ணெயை அதிகம் குடிக்காது. சோடா கூடிப்போனால் மாவு எண்ணெயை உறிஞ்சிப் பஞ்சுபோல ஆகிவிடும்.

பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய்தான். அடி கனத்த இரும்பு வாணலியில் இரண்டு அங்குல உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் காயவிடுங்கள். ஒரு சொட்டு மாவை விட்டால் அது அடிக்குச் சென்று, உடனே குமிழியோடு மேலெழும்பி, கறுக்காமல் மிதக்க வேண்டும். வெப்பமானி இருப்பவர்கள் 165 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை வைத்துக்கொள்ளலாம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இதற்குச் சற்று மேலேயே புகையத் தொடங்கிவிடுமாதலால், எண்ணெயின் மேற்பரப்பில் நீலப் புகை தெரிந்தால் தீயைக் குறைத்துச் சிறிது காத்திருப்பது அவசியம்.

துண்டை மாவில் தோய்த்து, மிகுந்ததைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, வாணலியின் ஓரமாக நம்மிடமிருந்து விலகும் திசையில் மெல்ல வழுக்கி விடுங்கள். மேலிருந்து போட்டால் எண்ணெய் கையில் தெறிக்கும். ஒரு முறைக்கு மூன்று அல்லது நான்கு துண்டுகளுக்கு மேல் வேண்டாம்; நெருக்கிப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பழம் எண்ணெயில் ஊறும். முதல் அரை நிமிடம் தொடாமல் விட்டால் உறை இறுகிக்கொள்ளும், அதன் பிறகு திருப்பினால் கிழியாது. பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். தொடக்கத்தில் சடசடவென்று எழுந்த ஓசை தணிந்து, துண்டைச் சுற்றியிருந்த பெரிய குமிழிகள் சிறுத்து அடங்கும் தருணமே எடுக்க வேண்டிய தருணம். நிறம் பொன்னிறத்திலிருந்து செம்பொன்னிறத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். வெளியே எடுத்த பின்னும் சற்றுச் சிவக்கும் என்பதை மனத்தில் வைத்து ஒரு கணம் முன்பே அரித்தெடுத்துவிடுங்கள். அடுத்த ஈடு போடும் முன் உதிர்ந்த மாவுத் துணுக்குகளைக் கண்கரண்டியால் வாரி எடுக்காவிட்டால், அவை கரிந்து அடுத்த துண்டுகளில் ஒட்டும்.

எடுத்தவற்றைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், சல்லடையிலோ கம்பித் தட்டிலோ சாய்த்து நிறுத்துங்கள். அடுக்கி வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். பொரித்தவுடனே கடிக்கவும் கூடாது. சர்க்கரை மிகுந்த பழம் உள்ளே நெடுநேரம் சூடாக இருந்து நாக்கைச் சுட்டுவிடும். பத்து நிமிடம் கழித்து, இளஞ்சூட்டில், பால் விடாத கட்டன் சாயாவோடு சாப்பிடுவதே சுகம். கேரளத்தில் பழம்பொரியை மாட்டிறைச்சிக் கறியில் தோய்த்து உண்பவர்களும் ஏராளம். மிளகின் காரமும் பழத்தின் இனிப்பும் அவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன.

தோல் முழுக்கக் கறுத்து, பழம் கனிந்து தளர்ந்துவிட்டால் அதை மாவில் தோய்த்துப் பயனில்லை. வட்டமாக அரிந்து, தோசைக்கல்லில் ஒரு கரண்டி நெய் விட்டு, சிறு தீயில் இரு புறமும் சிவக்க வாட்டி, மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவலைத் தூவிக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.